மாற்றுத் திறன் மாணவர்களுக்கு உயர்கல்வி உதவித்தொகை: தேடலை எப்போது தொடங்குவது?



எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியான நாளிலிருந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் கைப்பேசிகள் ஓய்வதில்லை. நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளின் பெற்றோர்கள், ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகும் நம்மையே அழைக்கிறார்கள். "டீச்சர், பிள்ளைக்கு ஏதாவது உபகாரச் சம்பளம் கிடைக்குமா?" என்பதே எல்லாருடைய கேள்வியும். இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். ஆயினும், தயங்காமல் உள்ளே நுழைந்து, மலாய் மொழியில் ஒரு பாரம் எழுதித் தரும்படி கேட்பதற்குத் தோட்டத்துத் தாய்மார்களுக்குத் தெரிந்த இடம் தமிழ்ப்பள்ளி ஒன்றுதான்.

இத்தனை அழைப்புகளுக்கு நடுவே ஒரு சாரார் மட்டும் பெரும்பாலும் அழைப்பதே இல்லை. காது சரியாகக் கேளாத பிள்ளை, பார்வை குன்றிய பிள்ளை, கால் ஊன்றி நடக்க இயலாத பிள்ளை, எழுத்துகளைப் பிரித்தறிய முடியாமல் வாசிப்பில் திணறும் பிள்ளை ஆகியோரின் பெற்றோரே அவர்கள். கல்லூரி என்பது தங்கள் பிள்ளைக்கு உரியதன்று என அவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அவர்களுக்காகவும், அத்தகைய பிள்ளைகளை இன்று ஒன்றாம் ஆண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரிய நண்பர்களுக்காகவும் இதனை எழுதுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றே. இப்பிள்ளைகளுக்கான உதவித்தொகை நம் நாட்டில் இருக்கிறது. ஆனால், பதினெட்டாம் வயதில் தேடத் தொடங்குகிறவர்களின் கைக்கு அது எளிதில் எட்டுவதில்லை. அதற்குரிய தாள்கள் எட்டாம் வயதிலேயே சேரத் தொடங்கியிருக்க வேண்டும். எட்டாம் வயதில் அப்பிள்ளை இருக்குமிடம் நம் வகுப்பறை.

நம் வட்டாரம்

கோலசிலாங்கூர் வட்டாரத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் பெற்றோர்கள் இன்றும் அழைக்கும் ஊருக்கு 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டம் அதன் அருகில்தான் இருக்கிறது. மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது 1917-இல் அத்தோட்டத்தில்தான். அதாவது, இந்நாட்டின் செம்பனைப் பொருளாதாரம் கால் ஊன்றிய மண் இது. ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் தொடங்கி வடக்கே சபாக் பெர்ணாம் வரையிலும், கிழக்கே உலு சிலாங்கூர் வரையிலும் தோட்டங்களையொட்டியே நம் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. இன்று தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பள்ளிகளின் பெயர்களில் மட்டும் தோட்டம் நிற்கிறது. மாணவர் எண்ணிக்கை 150-க்கும் குறைந்த பள்ளிகளைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என வகைப்படுத்துகிறார்கள். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

இத்தகைய சிறு பள்ளியில் ஒரு நன்மை உண்டு. எந்தப் பிள்ளையும் ஆசிரியரின் கண்ணிலிருந்து தப்ப முடியாது. ஒரு குறையும் உண்டு. சிறப்புக் கல்வி வகுப்போ, அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியரோ பெரும்பாலும் இருப்பதில்லை. நிபுணத்துவ மருத்துவரைக் காண வேண்டுமானால் சுங்கை பூலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சொந்த வாகனம் இல்லாத குடும்பத்துக்கு அது ஒரு நாள் சம்பளத்தை இழக்கும் பயணம். உதவித்தொகையைப் பற்றிப் பேசும்போது இந்தத் தூரத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

இரு மாணவர்கள்

இருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம்.

முதலாமவள் என் மூன்றாம் ஆண்டு மாணவி. சொல்வதெழுதுதலில் நான் அவள் முகத்துக்கு நேரே நின்று சொன்னால் பிழையின்றி எழுதுவாள். பின்வரிசைக்கு நடந்துகொண்டே சொன்னால் சொற்கள் மாறிவிடும். சில வேளைகளில் வெறும் கோடு மட்டும் இருக்கும். கவனக்குறைவு என்றே வீட்டாரும் எண்ணியிருந்தார்கள். இரண்டு வாரம் எழுதிய தாள்களைத் தேதியிட்டு எடுத்துவைத்து, தாயாரை அழைத்துக் காட்டினேன். சுகாதார நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரு காதுகளிலும் கேட்கும் திறன் குறைவு என்று தெரிய வந்தது. ஒன்பது வயதில் சமூகநல இலாகாவின் மாற்றுத் திறனாளி அட்டை, நாம் ஓ.கே.யூ. அட்டை என்று சொல்வது, அவள் கைக்கு வந்தது. பின்னர் செவித்துணைக் கருவியும் கிடைத்தது. எஸ்.பி.எம். முடித்துப் பாலிடெக்னிக்கில் கணக்கியல் பயில இடம் கிடைத்தபோது, உதவித்தொகைக்காக அவள் தந்தை எடுத்த விடுப்பு ஒரு நாள்தான். தேவையான தாள்கள் அனைத்தும் ஒரே கோப்பில் இருந்தன.

இரண்டாமவன் என்னிடம் பயின்றவன் அல்லன். நான் அப்பள்ளிக்கு மாறி வந்தபோது அவன் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டிருந்தான். அவன் தங்கையே என் மாணவி. பிறவியிலேயே கால்கள் வலுவற்றவன். ஊன்றுகோலின் துணையால் நடப்பான். கணிதத்தில் கெட்டிக்காரன். அவனுக்கு அட்டை எடுக்கவே இல்லை. சிறு வயதில் யாரோ எடுத்துச் சொன்னபோது பாட்டி மறுத்துவிட்டாராம். "அட்டை எடுத்தா, பிள்ளைய ஊனம்னு அரசாங்கமே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும் டீச்சர். நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?" என்று தாயார் என்னிடம் அதைச் சொன்னபோது அவன் கையில் பிற மாநிலத்து உயர்கல்விக்கூடம் ஒன்றின் சேர்க்கைக் கடிதம் இருந்தது. பதிவு நாளுக்கு மூன்று வாரமே மீதி.

மூன்று வாரத்தில் நிபுணரைக் காண நாள் கிடைக்கவில்லை. தாயாரின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றது. அட்டை கைக்கு வந்தபோது முதற்பருவம் முடிந்திருந்தது. உதவித்தொகை அதற்கடுத்த ஆண்டிலிருந்துதான் வரத் தொடங்கியது. அவன் படிக்கிறான், நன்றாகவே படிக்கிறான். ஆனால், முதலாண்டுச் செலவு அக்குடும்பத்தின் தலையில் கடனாகவே நிற்கிறது. சங்கிலி மீளவில்லை.

இவ்விருவருக்கும் இடையில் அறிவிலோ உழைப்பிலோ வேறுபாடு இல்லை. வேறுபாடு, ஒரு மருத்துவரின் கையொப்பம் எந்த வயதில் பெறப்பட்டது என்பதில் மட்டுமே.

அட்டை ஏன் முதற்படி?

2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் அவ்வாண்டு ஜூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. கல்வியில் மாற்றுத் திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்பதை அதன் 28-ஆம் பிரிவு கூறுகிறது. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை மலேசியா 2010-இல் உறுதிப்படுத்தியது. பள்ளியில் சேர வரும் எந்தச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019 முதல் செயற்படுத்தியது.

இவை அனைத்தும் நல்லனவே. ஆயினும், அரசாங்க அலுவலகங்களில் சட்டத்தின் பெயரைச் சொல்லி உதவி கேட்க முடியாது. அட்டையைக் காட்டித்தான் கேட்க முடியும். செவிப்புலன், பார்வை, உடல், பேச்சு, கற்றல், மனநலம், பல்வகை என ஏழு பிரிவுகளில் இவ்வட்டை வழங்கப்படுகிறது. கற்றல் பிரிவைப் பலர் அறிவதில்லை. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா ஆகியவை அதில் அடங்கும். 'மந்தமான பிள்ளை' என்று நாம் ஒரு சொல்லில் தள்ளிவிடும் பிள்ளை, உண்மையில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையாக இருக்கலாம். அப்பிள்ளையும் உயர்கல்வி உதவிக்கு உரியதே.

அட்டை பெறும் முறை கடினமானதன்று. மருத்துவர் நிரப்பிக் கையொப்பமிடும் பாரம், அடையாளப் பத்திரம் அல்லது பிறப்புப் பத்திரம், புகைப்படம் ஆகியவற்றுடன் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிய வேண்டும். சிக்கல், நிபுணரைக் காணக் காத்திருக்கும் காலத்தில்தான் இருக்கிறது. எட்டு வயதில் ஆறு மாதம் காத்திருந்தால் ஒன்றும் குடி மூழ்கிவிடாது. பதினெட்டு வயதில் அதே ஆறு மாதம் ஓராண்டுப் படிப்பை விழுங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் சிக்கல், பெற்றோர் திருமணம் பதியப்படாமை, குடியுரிமை உறுதியாகாமை ஆகியவை தோட்டப்புறத்தில் பழைய நோய்கள். இந்தியர்களின் ஆவணச் சிக்கல்களுக்காக 2011-இல் 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கத்தையே அரசாங்கம் நடத்த வேண்டியிருந்தது. உயர்கல்வி உதவிகள் குடிமக்களுக்கே வழங்கப்படுகின்றன. ஆகவே, ஒன்றாம் ஆண்டுப் பதிவின்போதே பிறப்புப் பத்திரத்தைக் கூர்ந்து பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அப்போதே திருத்தச் சொல்லுங்கள்.

எந்தெந்தக் கதவுகள் இருக்கின்றன?

பெற்றோர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளும் பொருட்டு வரிசைப்படுத்துகிறேன். தொகைகளும் நிபந்தனைகளும் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் சுற்றறிக்கையைக் கேட்டு வாங்குவது நன்று.

1. பள்ளிக் காலத்தில்: சிறப்புக் கல்வித் திட்டங்களில் பயிலும் மாணவர்களுக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை வழங்கி வருகிறது. பலர் இதனை வீட்டுச் செலவில் கரைத்துவிடுகிறார்கள். குடும்பத்தின் நெருக்கடியை நான் அறிவேன்; ஆயினும், அதில் பத்திலொரு பங்கையாவது பிள்ளையின் பெயரில் எஸ்.எஸ்.பி.என். கணக்கில் போட்டு வைக்கலாம். உயர்கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அக்கணக்கைக் கேட்பார்கள்.

2. உயர்கல்விக்கூடத்தில்: உயர்கல்வி அமைச்சின் மாற்றுத் திறனாளிகளுக்கான நிதியுதவியே முதன்மையானது. பி.கே.ஓ.கே.யூ. என்று அதனைச் சுருக்கமாகச் சொல்வார்கள். கல்விக் கட்டணமும் மாதம் 300 ரிங்கிட் கைச்செலவுப் பணமும், ஆண்டுக்கு 5,000 ரிங்கிட் என்ற உச்ச வரம்பை வைத்து, இத்திட்டத்தின்வழி வழங்கப்பட்டு வந்துள்ளன. இது கடன் அன்று. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக்கு மட்டுமன்றிப் பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி மாணவர்களுக்கும் இது உண்டு. நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே அலுவலகத்தை இதற்காகத் தேடி அலைய வேண்டாம். பிள்ளை சேர்ந்த உயர்கல்விக்கூடத்தின் மாணவர் நலப் பிரிவிலேயே விண்ணப்பத்தைத் தர வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்குச் சென்று கேட்பது முக்கியம்.

3. இடம் பெறுவதில்: யூ.பி.யூ. விண்ணப்பத்தில் மாற்றுத் திறனாளி என்பதைக் குறிப்பிடும் பகுதி உண்டு. அதனைக் காலியாக விடாதீர்கள். குறிப்பிட்டால் இடம் கிடைக்காது என்று பெற்றோர்கள் அஞ்சுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. அடிப்படைத் தகுதியை நிறைவு செய்த மாற்றுத் திறன் மாணவர்களுக்குத் தனிக் கவனம் கிடைப்பது அப்பகுதியின் வழியாகவே.

4. அறவாரியங்கள்: சைம் டார்பி அறவாரியம் மாற்றுத் திறன் மாணவர்களுக்கென்று உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. தோட்டத்து வியர்வையில் வளர்ந்த நிறுவனத்தின் அறவாரியத்தில் தோட்டத்துப் பிள்ளை விண்ணப்பிப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சிலாங்கூர் மக்களுக்குச் சிலாங்கூர் அறவாரியம் இருக்கிறது. நம் சமுதாய அளவில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும், 1984-இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.இ.டி. கல்வி நிதியும் உள்ளன. தாத்தாவோ பாட்டியோ கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியிருந்தால் அந்தப் பழைய பங்குச் சீட்டைத் தேடி எடுங்கள். அங்கத்தினர் குடும்பம் என்பதற்கு அதுவே சான்று.

5. சொக்சோ: பணியிட விபத்தில் தந்தை இறந்திருந்தாலோ, முடக்க ஓய்வூதியம் பெற்று வந்தாலோ, அவருடைய பிள்ளைகளுக்குச் சொக்சோவின் கல்வி அனுகூலம் உண்டு. செம்பனைக் குலை வெட்டும் தொழிலில் விபத்து எவ்வளவு சாதாரணம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

6. கருவிகள்: செவித்துணைக் கருவி, சக்கர நாற்காலி, செயற்கைக் கால் போன்றவற்றுக்குச் சமூகநல இலாகா தனியே உதவி வழங்குகிறது. உபகாரச் சம்பளத்தைக் கருவிக்குச் செலவிட்டுவிட்டு உணவுக்குத் திண்டாடும் நிலையை இதனால் தவிர்க்கலாம்.

தேர்வும் புறப்பாடமும்

தேர்வு எழுதுவதற்கும் இப்பிள்ளைகளுக்குச் சலுகைகள் உண்டு. கூடுதல் நேரம், பிரெய்ல் வினாத்தாள், பெரிய எழுத்து வினாத்தாள், வாசித்துக் காட்டுபவர் அல்லது எழுதித் தருபவர் ஆகியவற்றைத் தேர்வு வாரியம் அனுமதிக்கிறது. பள்ளியின் வழி முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். உதவித்தொகைக்குத் தேர்ச்சி தேவை. தேர்ச்சிக்கு இச்சலுகை தேவை. சலுகைக்குச் சான்று தேவை. பார்த்தீர்களா, மீண்டும் அதே மருத்துவரின் கையொப்பத்திலேயே வந்து நிற்கிறோம்.

அடுத்து, நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்க்காத ஒன்று. பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சி. மீதி 10 விழுக்காடு புறப்பாடம். விளையாட்டுப் போட்டி நாளில் மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்படும் பிள்ளை அந்தப் பத்தையும் இழக்கிறது. "பாவம், அவனால ஓட முடியாது" என்று சொல்லி நாம் காட்டும் இரக்கம் அவனுக்குச் செய்யும் தீங்கு. இடைநிலைப்பள்ளிப் புள்ளிகள்தாம் கணக்கில் வரும் என்றாலும், பங்கெடுக்கும் பழக்கம் தொடக்கப்பள்ளியில் உருவாவதே. ஓட முடியாதவன் நேரம் குறிக்கலாம், சதுரங்கம் ஆடலாம். கேட்க முடியாதவள் சுவர் இதழுக்கு ஓவியம் வரையலாம். பார்க்க முடியாதவன் கவிதை ஒப்புவித்தலிலும் பேச்சுப் போட்டியிலும் மேடையேறலாம். நற்சான்றிதழ் ஒவ்வொன்றும் நாளை ஒரு விண்ணப்பத்தோடு போகும் தாள்.

விண்ணப்பக் கடிதம்

மேலே சொன்ன மாணவன் அறவாரியம் ஒன்றுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான். மலாய் மொழியில் பிழையில்லை. ஆனால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தன்னை இகழ்ந்தே எழுதியிருந்தான். ஏழை, நடக்க முடியாதவன், கருணை காட்டுங்கள் என்ற மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான். "உனக்கு அங்கே என்னென்ன தேவைப்படும்? ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னான். விடுதியில் கீழ்த்தள அறை வேண்டும். விடுதிக்கும் வகுப்புக்கும் இடையே மழை நாளில் ஊன்றுகோலுடன் நடக்க இயலாது. வாடகை வண்டிக்கு மாதம் இவ்வளவு ஆகும். ஊன்றுகோலின் அடி ரப்பரை அவ்வப்போது மாற்ற வேண்டும். கணிதத்தில் இன்ன தேர்ச்சி. இன்ன துறையில் பட்டயம். முடிந்ததும் இன்ன வேலை. இவற்றையே அவன் கையால் மீண்டும் எழுதினான். அரைப் பக்கத்தில் முடிந்தது. படிப்பவருக்கு ஓர் இளைஞனின் திட்டம் கண்முன் நின்றது.

நம் பிள்ளைகளுக்குக் கட்டுரை கற்பிக்கும் நாம், தேவையைத் தெளிவாகச் சொல்லும் இத்தகைய கடிதத்தையும் கற்பிக்க வேண்டும். கேட்பது உரிமை, கெஞ்சுவது வேறு.

இடம் கிடைத்தவுடன் உயர்கல்விக்கூடத்தைக் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. விரிவுரை அறைக்கு மின்தூக்கி இருக்கிறதா? சரிவுப் பாதை இருக்கிறதா? மாற்றுத் திறன் மாணவர்களுக்கான பிரிவு இருக்கிறதா? காது கேளாதவர்க்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் உண்டா? கட்டணம் முழுவதும் கிடைத்தும், மூன்றாம் மாடி வகுப்புக்கு ஏற முடியாமல் வீடு திரும்பினால் அந்த உதவித்தொகையால் என்ன பயன்? கையிலுள்ள தொகைக்கும் வீட்டின் தூரத்துக்கும் ஏற்ற இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இழுக்கில்லை. பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. எல்லை தாண்டினால் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

"படித்து என்ன ஆகப் போகிறது?"

இக்கேள்வியைத் தந்தையர் பலர் கேட்கிறார்கள். கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை, நியாயமான கேள்வி. அரசாங்கப் பணிகளில் ஒரு விழுக்காட்டை மாற்றுத் திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற கொள்கை 1988 முதல் இருக்கிறது. 2008-இல் சுற்றறிக்கையின்வழி மீண்டும் வலியுறுத்தப்பட்டது. அந்த ஒரு விழுக்காடு இன்னும் நிரம்பவில்லை என்ற குறை நெடுங்காலமாகவே பேசப்படுகிறது. தகுதித் தாளோடு போய் நிற்பவர் பெருகினால்தான் அக்குறையை உரக்கச் சொல்ல முடியும். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் நம் இனப் பெண்மணி பத்மாவதி கிருஷ்ணன், மாற்றுத் திறனாளிகளின் பிரதிநிதியாக 2013-இல் நாடாளுமன்ற மேலவையில் உறுப்பினராக அமர்ந்தார். பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லுங்கள்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை மாற்றுத் திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது. நம் 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய எண் எதுவும் இல்லை. மீறினால் தண்டனையும் இல்லை. ஆகவே, இங்கு ஒவ்வொரு பிள்ளைக்காகவும் ஒரு பெரியவர் எழுந்து பேச வேண்டியிருக்கிறது. அரசியல்வாதிகள் சட்டத்தைத் திருத்தும் வரை அந்தப் பெரியவர் பெரும்பாலும் ஆசிரியராகவே இருப்பார்.

ஒரு கசப்பான சிக்கல்

ஆசிரிய நண்பர்களுடன் இதனைப் பேசாமல் முடிக்க முடியாது. சிறப்புக் கல்வி வகுப்பு இல்லாத தமிழ்ப்பள்ளியிலிருந்து பிள்ளையை அவ்வகுப்புள்ள தேசியப் பள்ளிக்கு அனுப்பினால், பிள்ளை தமிழை இழக்கிறது. பள்ளி ஒரு மாணவரை இழக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் பள்ளியே மூடப்படுமோ என்ற அச்சம் வேறு. இதனாலேயே சில இடங்களில், தெரிந்தும் தெரியாதது போல் இருந்துவிடும் வழக்கம் உண்டு.

என் கருத்து இதுதான். பரிசோதனைக்கு அனுப்புவது வேறு, பள்ளி மாற்றுவது வேறு. அட்டை எடுத்த பிள்ளை நம் வகுப்பிலேயே அமர்ந்து படிக்கலாம், படிக்கிறார்கள். மேலே சொன்ன மாணவி ஆறாம் ஆண்டு வரை நம் பள்ளியில்தான் இருந்தாள். முன்வரிசையில் இடம் மாற்றியது ஒன்றே நான் செய்த பெரிய ஏற்பாடு. அதையும் மீறிய உதவி தேவைப்படும் பிள்ளையைத் தடுத்து வைக்க நமக்கு உரிமை இல்லை. பள்ளியைக் காப்பாற்றப் பல வழிகள் இருக்கின்றன. ஒரு பிள்ளையின் எட்டாம் வயது மீண்டும் வராது.

கோப்பில் இருக்க வேண்டியவை

ஒவ்வொரு மாற்றுத் திறன் பிள்ளைக்கும் பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என இரு கோப்புகள் வைத்திருப்பது நம் வழக்கமாக வேண்டும்.

- பிறப்புப் பத்திரம், பன்னிரண்டு வயதில் எடுக்கும் மைகாட், இரண்டிலும் ஒரே எழுத்துக்கூட்டல்.
- மருத்துவ அறிக்கைகள், தேதி வாரியாக.
- ஓ.கே.யூ. அட்டையின் நகல்.
- பெற்றோரின் சம்பளச் சீட்டு; குத்தகை வேலை செய்பவராயின் வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதம்.
- புறப்பாடச் சான்றிதழ்கள்.
- தேர்வுச் சலுகைக்கான அனுமதிக் கடிதம்.
- தலைமையாசிரியர் உறுதிப்படுத்திக் கையொப்பமிட்ட நகல்கள், சில படிகள் கூடுதலாக.

ஆறாம் ஆண்டு முடிந்து பிள்ளை விடைபெறும் நாளில், இப்பள்ளிக் கோப்பின் நகலை இடைநிலைப்பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் நேரில் கொடுங்கள். தபாலில் அனுப்பினால் அது மேசையிலேயே கிடக்கும். கையில் கொடுத்தால் பிள்ளையின் முகமும் அவருக்கு நினைவில் இருக்கும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, ஆறாம் ஆண்டு ஆசிரியர்களுக்கு ஆண்டிறுதியில் சற்று மூச்சு விட நேரம் கிடைக்கிறது. அந்நேரத்தில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அட்டை பிள்ளையைக் குறைத்துக் காட்டுவதன்று. அது சட்டைப் பையில் இருக்கும் ஒரு தாள். வேண்டிய இடத்தில் எடுத்துக் காட்டி, வேண்டாத இடத்தில் உள்ளே வைத்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டாரோ பெண் வீட்டாரோ அட்டையைப் பார்த்து முடிவெடுப்பதில்லை; பிள்ளைக்கு ஒரு வேலை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஆசிரியர்களே, அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்தும்போது ஒருமுறை பின்வரிசைக்கு நடந்துகொண்டே சொல்லிப் பாருங்கள். கரும்பலகையில் சற்றுச் சிறிய எழுத்தில் எழுதிப் பாருங்கள். யார் திணறுகிறார் என்று குறித்து, தேதியிட்டு, தாயாரிடம் பேசுங்கள். சுகாதார நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். பத்தாண்டுக்குப் பிறகு வரப்போகும் உதவித்தொகைக்கான முதல் விண்ணப்பம் அக்கடிதமே.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை